கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை: தம்பிக்காக பல வருஷமா போய்ட்டு வர்றதுல தெரிஞ்சுகிட்டது

கீழ்ப்பாக்கம் ஐ.எம்.எச், அதான் அரசு மனநல மருத்துவமனை, பத்தி யார் கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது இதுதான், அங்க வர்றவங்க எல்லாரையும் உள்ள படுக்க வைக்கறதில்ல, ஓ.பி-ல டாக்டரைப் பாத்துட்டு மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குத் திரும்பறவங்க ஏகப்பட்ட பேர். என் தம்பியும் அப்படித்தான். அவனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, காலேஜ் படிக்கறப்போ ஆரம்பிச்சது. யாரோ திட்டற மாதிரி காதுல குரல் கேக்கும், சோத்துல ஏதோ கலந்துட்டாங்கன்னு தட்டையே தொட மாட்டான். அங்க கூட்டிட்டுப் போனா அவனுக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு சொந்தக்காரங்க தடுத்தாங்க, அம்மாதான் பிடிவாதமா நின்னு கூட்டிட்டு வந்தாங்க.

அந்த பயத்துக்கு பழைய காரணம் இருக்கு. 1794-ல வாலன்டைன் கோனலின்னு ஒரு கிழக்கிந்திய கம்பெனி சர்ஜன் புரசைவாக்கம் பக்கம் தனியா ஆரம்பிச்ச விடுதிதான் இதுக்கு மூலம். 1871-ல லோகாக்ஸ் கார்டன்னு சொன்ன இப்ப இருக்கற இடத்துக்கு 145 பேரோட அரசாங்க காப்பகமா வந்துச்சு. அப்பல்லாம் ஊர்லேர்ந்து தள்ளி வைக்கறதுதான் முக்கிய நோக்கம், வைத்தியம்னு பெருசா மருந்தே கிடையாது. 1922-ல பேர் மனநல ஆஸ்பத்திரின்னு மாறுச்சு. ஆனா எனக்கு இதுல மனசுல நிக்கறது டாக்டர் சாரதா மேனன்தான், 1961-ல பொறுப்புக்கு வந்த முதல் பெண் கண்காணிப்பாளர். நோயாளிங்களுக்கு தொழில் பயிற்சின்னு வந்ததே அவங்க காலத்துலதான். ரிட்டயர் ஆனப்புறமும் விடாம 1984-ல ஸ்கிசோஃப்ரினியா நோயாளிங்களுக்காக ஸ்கார்ஃப்ங்கற தொண்டு அமைப்பை ஆரம்பிச்சாங்க, 1992-ல பத்மபூஷண் குடுத்தாங்க. மாத்திரை குரலை அடக்கும், ஆனா காலைல எழுந்து செய்யறதுக்கு ஒரு வேலை இருந்தாதான் மனுஷன் தேறுவான், இதை என் தம்பிகிட்ட கண்ணால பாத்தவன் நான்.

இப்ப போறவங்களுக்கு. ஆஸ்பத்திரி மேடவாக்கம் டேங்க் ரோட்டுல இருக்கு. காலைல சீக்கிரம் போயிடுங்க, கூட்டம் இருக்கும். பழைய சீட்டு, சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் கைல இருக்கட்டும். முக்கியமா, அவங்ககூட ஒரே வீட்டுல இருக்கறவங்க யாராவது கூட வரணும், ஏன்னா டாக்டர் கேக்கறது தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குளிக்கறாரா, தனியா பேசிக்கறாரா, இதெல்லாம் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். மருந்து இலவசம், இந்த நோய்க்கு வருஷக்கணக்கா மருந்து சாப்பிடணும்ங்கறப்போ அது எவ்வளவு பெரிய விஷயம்னு குடும்பம் நடத்தறவங்களுக்குத் தெரியும்.

கை நடுங்குது, உடம்பு விறைப்பா இருக்கு, வெயிட் ஏறுதுன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ் மாத்துவாங்க, இல்ல வேற மருந்து தருவாங்க. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்கிசோஃப்ரினியா திரும்ப வர்றதுக்கு மருந்தை நிறுத்தறதுதான் ரொம்ப பெரிய காரணம். மாத்திரையே முழுங்க மாட்டேங்கறவங்களுக்கு சில வாரத்துக்கு ஒருதடவை போடற ஊசி இருக்கு, அதைக் கேட்டுப் பாருங்க. க்ளோசபைன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்கன்னா ரத்த டெஸ்ட்டைத் தவறவே விடாதீங்க, வெள்ளை அணுக்கள் குறையற ஆபத்து அதுல இருக்கு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் மனநோய்க்கும் உண்டு, 40 சதவீதம் பாதிப்புன்னு மதிப்பிட்டா சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம், இது நெறைய குடும்பத்துக்குத் தெரியறதே இல்ல.

அட்மிஷன் பத்தி பயப்படறவங்க 2017 மனநலச் சட்டத்தைத் தெரிஞ்சுக்கணும். தானா வந்து சேர்ந்தவங்க தானா கேட்டு வெளிய போகலாம். சம்மதம் சொல்ல முடியாத நிலைல இருக்கறவங்களை அவங்க நியமிச்ச பிரதிநிதி கேட்டு சேத்தா மொதல்ல 30 நாள் வரைக்கும்தான், அதுலயும் இந்தச் சட்டப்படி இருக்கற மனநல மறுஆய்வு வாரியத்துக்கு முறையிடலாம். சங்கிலி போடறதும், மயக்க மருந்து இல்லாம ஷாக் வைக்கறதும் சட்டப்படி தடை. 2001-ல ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில ஒரு தனியார் காப்பகத்துல சங்கிலில கட்டியிருந்த 28 பேர் தீயில செத்தப்புறமும் அந்த மாதிரி இடங்களைத் தேடிப் போறவங்களை பாக்கறப்போ எனக்கு நெஞ்சு கொதிக்குது.

உடனே வர முடியாதவங்க 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் அது, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

உள்ள சேக்கற நிலைமை வந்தா சரியான அட்ரஸும் போன் நம்பரும் குடுங்க, வாராவாரம் போய்ப் பாருங்க. குணமானப்புறமும் கூட்டிட்டுப் போக ஆள் வராததாலயே வருஷக்கணக்கா ஆஸ்பத்திரிலயே இருந்துடறவங்க இருக்காங்க.