பிளக் மூடிகளைக் கழற்றி எறிந்த கதை

மகள் தவழ ஆரம்பித்த எட்டாம் மாதத்தில்தான் மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் எத்தனை பிளக் பாயிண்ட் தரையோரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 11. மாமனார் காலத்துத் தரை வீடு, வயரிங்கும் அந்தக் காலத்தது. இப்போது அவளுக்கு நாலு வயது நெருங்குகிறது. இந்த மூன்று வருடத்தில் எது உதவியது, எதற்குக் காசு தண்டம் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது, எல்லாரையும் போல, பிளாஸ்டிக் பிளக் மூடி. பாக்கெட் ஆறு வெள்ளி (ரிங்கிட்), இரண்டு பாக்கெட். மாட்டிய அன்று மனசுக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டாம் மாதமே ஒன்றைப் பிடுங்கி வாயில் வைத்திருந்தாள். ஒரு நாள் அதைத் தலைகீழாகத் திருப்பி, தடித்த காலை மட்டும் பாயிண்டின் மேல் ஓட்டையில் குத்தி வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே நாம் பயன்படுத்துவது பிரிட்டிஷ் பாணி மூன்று கால் பிளக். கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் உள்ளே ஒரு தடுப்பு மறைத்திருக்கும். பிளக்கின் எர்த் கால், அதாவது மேலே இருக்கும் தடித்த கால்தான், மற்ற இரண்டையும் விட நீளம்; அது முதலில் உள்ளே போய் அந்தத் தடுப்பை விலக்கும். அதாவது, குழந்தைக்கான பூட்டு பாயிண்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் ஆறு வெள்ளி கொடுத்து வாங்கியது அந்தப் பூட்டுக்கான சாவியை! 2016இல் பிரிட்டன் சுகாதாரத் துறையே இந்த மூடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் எச்சரிக்கை விட்டது. எனக்கு அது தெரிய வந்தது பிறகுதான். மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

சரி, பூட்டு உள்ளே இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்றால் இல்லை. எங்கள் வீட்டில் சாவி போடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா, அதாவது என் மாமனார். அவருடைய பழைய ரேடியோவுக்கு இரண்டு கால் பிளக். பேனாவை மேல் ஓட்டையில் சொருகி, தடுப்பைத் திறந்து, பிளக்கைத் திணிப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறோம், நானும் ஹாஸ்டலில் செய்தவள்தான். இரண்டு வயதில் மகள் ஐஸ்கிரீம் குச்சியோடு அதே பாயிண்ட் முன்னால் உட்கார்ந்து, “தாத்தா மாதிரி” என்றாள். நல்லவேளை, சுவிட்ச் அணைந்திருந்தது. “மாமா, இனிமே அடாப்டர் இல்லாம ரேடியோ போடாதீங்க” என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே பிளக் தலையை மாற்றி, மூன்று கால் ஆக்கிக்கொண்டு வந்தார்.

அந்தக் குச்சிச் சம்பவத்துக்குப் பிறகுதான் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டோம். சீன அங்கிள். மெயின் பெட்டியைத் திறந்ததும் தலையை ஆட்டினார். வீடு முழுக்க ஒரே இ.எல்.சி.பி. (கரண்ட் ஒழுகினால் தானே வெட்டிவிடும் சுவிட்ச்), அதுவும் ஒழுகுவது 100 மில்லி ஆம்பியர் அளவுக்குப் போனால் வெட்டும் வகை. ஆளைக் காப்பாற்ற அது போதாது, பிளக் பாயிண்டுகளுக்கு 30, குளியலறை ஹீட்டருக்குத் தனியாக 10 என்று மாற்றிக் கொடுத்தார். போகிற கரண்டை விடத் திரும்புகிற கரண்ட் குறைந்தால், எங்கோ யார் உடம்பு வழியாகவோ தரைக்கு ஒழுகுகிறது என்று உணர்ந்து வெட்டிவிடும். ஆனால் இரண்டு கைகளும் இரண்டு கம்பிகளைத் தொட்டு, தரைக்கு எதுவும் ஒழுகாவிட்டால் அது வெட்டாது. இதை அங்கிள் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். செலவு 300 வெள்ளிக்குச் சற்று மேல். மூன்று வருடத்தில் வாங்கியதிலேயே உருப்படியானது இதுதான், குழந்தைச் சாமான் கடையில் இதை யாரும் விற்பதில்லை. குறை என்றால், பெரிய இடி இடித்தால் சில சமயம் சுவிட்ச் தானே விழுந்து கரண்ட் நின்றுவிடும். ஒருமுறை ஊருக்குப் போய் வந்தபோது ஃப்ரிட்ஜில் இருந்த மீன் எல்லாம் நாறிக் கிடந்தது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய, எந்த நாட்டு பிளக்கும் நுழையும் வகை ஒன்று டிவிக்குப் பின்னால் இருந்தது. எதுவும் நுழையும் ஓட்டையில் குழந்தை விரலுக்கு எட்டுவதும் நுழையும், தடுப்பும் கிடையாது. சிரிம் முத்திரை (மலேசியத் தர முத்திரை) உள்ளதாக மாற்றி, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தேன். பெட்டிக்குள் சூடு தங்குகிறது, அதனால் டிவியும் மோடமும் மட்டும் அதில். தீபாவளி சீரியல் லைட்டுக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. சாமி மேடைக்கு மேலே, எட்டாத உயரத்தில் கட்டுகிறோம்.

கேபினட் பூட்டு, மேசை மூலை ரப்பர் எல்லாம் வந்து போயின, சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜர் கேபிளின் நுனியைச் சப்புவதுதான் நான் எதிர்பார்க்காதது. இப்போது சார்ஜ் முடிந்ததும் கேபிள் அலமாரிக்குப் போகிறது, பெரும்பாலான நாள்.

மாதம் ஒருமுறை இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு மறந்துவிடும், மாமாவுக்கு மறப்பதில்லை. முதல் தேதி காலையில் ஸ்டூல் போட்டு ஏறுகிறார், வீட்டு ஃபேன் எல்லாம் நிற்கிறது, கீழே நின்று மகள் கைதட்டுகிறாள். தானும் ஒருமுறை அமுக்க வேண்டுமாம். இன்னும் விடவில்லை.