அந்தக் காரில் ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது

சொந்தமாக ராப் எழுதி, சேர்த்த காசில் ஒரு மியூசிக் வீடியோ எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் கூட்டாளிக்கும் சேர்த்துப் போனது 1,55,000 ரூபாய். கையில் மிச்சம் இருப்பது வாட்டர்மார்க் அடித்த ஒரு நிமிடம் 40 நொடி வீடியோ. ஆள் பெயரையோ அவர் நடத்தும் கம்பெனி பெயரையோ போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார்.

நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏமாந்ததே அந்த வழியாகத்தான். திருவொற்றியூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் வேலை, வயது 34. ஹிப்ஹாப்பைக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததுதான் அதிகம். பள்ளிக்கூட நாட்களில் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிவிட்டு, கால்மணி நேரம் வீடியோ லோட் ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். அமெரிக்க ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'தி ரெயின்' அப்படிப் பார்த்ததுதான். 1997-ல் ஹைப் வில்லியம்ஸ் எடுத்தது. குப்பைப் பையை ஊதி மாட்டிக்கொண்ட மாதிரி பளபளக்கும் கறுப்பு உடை, மீன்கண் லென்ஸ், அதற்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு ஒரு பெண். திரையில் பெண் என்றால் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த அம்மா தன் உருவத்தை இன்னும் பெரிதாக ஊதிக்கொண்டு வந்து நிற்கிறார். பாட்டின் ஒரு வரிகூட அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. விஷயம் புரிந்துவிட்டது.

அதிலிருந்து பைத்தியம்தான். 2018-ல் சைல்டிஷ் காம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா' வந்தபோது ஹிரோ முராய் எடுத்த அந்தக் கிடங்குக் காட்சியை, முன்னால் ஆடுபவர்களைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் நடக்கும் கலவரத்தை மட்டும் தனியாக ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தவன் நான். ஆட்டத்தைப் பார்க்கிற கண் சாவைப் பார்க்காது என்பதுதான் அங்கே கணக்கு. "நம்ம கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் பேரு உங்களுக்கு ஞாபகம் இல்ல. ஊர்பேர் தெரியாத டைரக்டர் பேரெல்லாம் மனப்பாடம்" என்பாள் என் மனைவி. உண்மைதான்.

நானும் கூட்டாளியும் எழுதிய பாட்டு எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆறு, அவனுடைய தாத்தா இறால் பிடித்த இடம். பாட்டை மட்டும் வெளியிட்டால் போதாதா, வீடியோ எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கொடைக்கானலைக் காட்டினேன். அங்கே தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவுக்கு எதிராக வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் வீடியோவில் வந்து நின்ற பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. வீடியோவால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அதே சேதியைத் துண்டுப்பிரசுரத்தில் படித்தவர்கள் எத்தனை பேர்?

சரி, அந்த ஆளுக்கு வருகிறேன். வடபழனியில் மாடியில் ஓர் அறை, இரண்டு மானிட்டர், சுவரில் ஸ்பீக்கர். இருபத்தெட்டு வயதிருக்கும். நாங்கள் பாட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ப்ரோ, இத நேரா எடுக்கக் கூடாது. ரிவர்ஸ்ல எடுக்கணும். ஃபார்சைட் பண்ணாங்கல்ல, 'டிராப்', ஸ்பைக் ஜோன்ஸ்" என்றார்.

அங்கே விழுந்தேன். ஃபார்சைட் என்கிற ராப் குழுவின் 'டிராப்' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த அந்த வீடியோ தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. ஜே டிலா இசை. லாஸ் ஏஞ்சல்ஸ் பையன்கள் நான்கு பேர் பாட்டு வரிகளைப் பின்னாலிருந்து முன்னால் ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து, பின்பக்கமாகவே நடந்து நடித்தார்கள். எழுதிக் கொடுக்க ஒரு மொழியியலாளரை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஃபிலிமைத் திருப்பி ஓட்டினால், வாய் சரியாகப் பாடுகிறது, உலகம் மட்டும் புவியீர்ப்பு மறந்துபோன மாதிரி நடக்கிறது. நாங்கள் சாம்பல் மூடிய ஆற்றைப் பற்றிப் பாடுகிறோம். காலத்தைத் திருப்பிவிட ஆசைப்படுகிற பாட்டு. வேறு எந்த உத்தி இதற்குப் பொருந்தும்? இவ்வளவு யோசித்தவர் திருடனாக இருப்பார் என்று எவனுக்குத் தோன்றும்!

தான் எடுத்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு என்று ஒரு ஷோரீல் காட்டினார். மூன்று நிமிடம். அதில் ஒரு ஷாட்: மழை நின்ற ராத்திரி, மஞ்சள் வெளிச்சம், ஓடும் காரின் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஓட்டுபவன் முகம், அவன் தோளில் தெருவிளக்குகள் ஊர்ந்து போகின்றன. "இது எங்க எடுத்தீங்க?" என்றேன். "ஜிஎஸ்டி ரோடு, ப்ரோ. ராத்திரி ரெண்டு மணி." ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. நம்பினேன்.

பேசிய தொகை 1,60,000. பாதி அட்வான்ஸ். நான் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன், கூட்டாளி பைக்கை விற்றான். ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அதில் ஜிஎஸ்டி வரி எண் கிடையாது, தேதி கிடையாது, 'ஃபைனல் அவுட்புட் வழங்கப்படும்' என்று ஒரு வரி. ஸ்டோர்ஸில் ஒரு பெட்டி போல்ட்டுக்கு மூன்று கையெழுத்து கேட்கிற ஆள் நான்.

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரங்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழைத் திருப்பிப் பாட முயன்றிருக்கிறீர்களா? எழுத்தைத் திருப்பினால் ஆகாது. 'கடல்' என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'ல்டக', எந்த நாக்கிலும் வராது. ஒலியைத் திருப்ப வேண்டும், அப்போது 'லடக்'. 'கடல் கேக்குது' என்கிற வரி 'உதுக்கேக் லடக்' ஆகிறது. செல்போனில் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேட்டு, மறுபடி பாடி, மறுபடி திருப்பி, 32 வரி. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன், பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போய்விடுவார். அம்மா ஒருநாள் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார்.

ஷூட்டிங் ஒருநாள். காலை ஐந்தரைக்கு வரச் சொன்னார், அவர் ஒன்பதுக்கு வந்தார். வெயில் ஏறிவிட்டது. ஒரு கேமரா, ஒரு உதவியாள், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். மானிட்டர் இல்லை. கேமராமேன் கல்யாண வீடுகளுக்கு கேண்டிட் எடுப்பவர், பாவம், அன்று காலைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். "ரிவர்ஸா? யாருமே சொல்லலியேண்ணா" என்று என்னிடம் கேட்டார். திருப்பிய ஆடியோ டிராக் டைரக்டரிடம் இல்லை, நான் பழகுவதற்காக என் போனில் வைத்திருந்ததைத்தான் போட்டோம். பட்டப்பகலில், வெட்டவெளியில், ஒரு லைட்டும் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் வாடகை என்று 15,000 தனியாக வாங்கினார். பேசிய பணத்தில் இன்னொரு 40,000-மும் அங்கேயே போனது. மதியம் ரோந்து வந்த போலீஸ்காரர் அனுமதிக் கடிதம் கேட்டார். "எல்லாம் வாங்கியாச்சு ப்ரோ" என்று ஒரு மாதமாகச் சொல்லி வந்த கடிதம் இல்லவே இல்லை. மூட்டை கட்டினோம். பாதிப் பாட்டுக்குத்தான் எடுத்திருந்தோம்.

அப்புறம் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற கலர் கிரேடிங் ஆளுக்கு என்று 20,000. ஆறு வாரம் கழித்து முதல் கட் வந்தது. எங்கள் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இடையிடையே எங்கிருந்தோ வாங்காமலே எடுத்துப் போட்ட ஸ்டாக் வீடியோக்கள், வாட்டர்மார்க்கோடு. எண்ணூர்ப் பாட்டில் பைன் மரங்கள் சூழ்ந்த ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது.

வாய் ஏன் பொருந்தவில்லை என்பது தெரிந்தால் உங்களுக்கு உதவும். ஸ்லோமோஷனில் பாட வேண்டுமென்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நடிகர் அந்த வேகத்துக்குப் பாட, நொடிக்கு 50 ஃப்ரேம் எடுப்பார்கள். அதை 25-ல் ஓட்டும்போது உடம்பு மிதக்கும், உதடு பாட்டோடு நிற்கும். ஹிப்ஹாப் வீடியோக்களில் பழகிய வித்தைதான். இங்கே பாட்டு சாதாரண வேகத்தில் ஓடியது, கேமரா மட்டும் 50-ல் எடுத்தது. ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க எங்கள் வாய்க்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. போதாக்குறைக்கு, பல கேமராக்களில் அந்த ஸ்லோமோஷன் மோடில் சத்தம் பதிவாகாது. இந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. ஆக, எந்த இடத்தில் எந்த வரி என்று காட்ட அடையாளமே இல்லை. பொறுமையாக உட்கார்ந்து வேகத்தை மாற்றி, உதட்டைப் பார்த்துக் கையால் பொருத்தலாம். நானே செய்திருப்பேன், 32 வரியும் தலைகீழாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. ஒரிஜினல் ஃபுட்டேஜைக் கொடுங்கள் என்று கேட்டேன். "ரா ஃபுட்டேஜ் கம்பெனி ப்ராப்பர்ட்டி ப்ரோ. பாக்கி 40 கட்டுங்க, பேசலாம்."

புகாருக்காக ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம் என்று அந்த ஷோரீலை மறுபடி போட்டேன். கார் ஷாட்டில் நிறுத்தினேன். முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் 2 என்ற எண் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 7-ம் அப்படியே. படத்தைப் போனில் இடம் வலமாகத் திருப்பினேன். நம்பர் பிளேட் நேரானது, ஸ்டியரிங் இடது பக்கம் போனது. திருப்பிய படத்தை இமேஜ் சர்ச்சில் போட்டதும் ஒரு பிரெஞ்சு ராப் வீடியோ வந்து நின்றது, கீழே எடுத்தவர்கள் பட்டியலோடு. நான் அமெரிக்கப் பக்கமே மேய்ந்தவன், பிரெஞ்சு பக்கம் போனதில்லை. கண்டுபிடிக்காமல் இருக்கக் கண்ணாடி போல் திருப்பிப் போட்டிருக்கிறார், அதுவே இந்திய ரோடாகவும் ஆகிவிட்டது. மூன்று வாரம் தலைகீழாகப் படித்தவனுக்கு ஒரு தலைகீழ் 2 கண்ணில் படவில்லை.

ரீலில் இருந்த மற்ற ஷாட்களில் இரண்டு அவருடையவை. அதில் ஒன்று துணிக்கடை விளம்பரம்.

இப்போது நிலவரம். காவல் நிலையத்தில் "வேலை செஞ்சு குடுத்திருக்காரே, சரியா செய்யலன்னா அது சிவில் மேட்டர்" என்றார்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் செய்தேன், ஷூட்டிங் எல்லாம் நேரில் நடந்த கதை என்றதும் அவர்களும் நிலையத்துக்கே போகச் சொன்னார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வியாபார நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்றால் புகார் நிற்காது என்று வக்கீல் எச்சரித்தார். "இந்தப் பாட்டுல சம்பாதிக்கிற ஐடியா உண்டா தம்பி?" என்றார். "சார், தமிழ்ல ராப் பாடி ஆத்தைக் காப்பாத்தப் போறோம்" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

உங்களிடம் ஒருவர் ஷோரீல் காட்டினால், அதில் பிடித்த ஷாட்டுக்கு முழுப் பாட்டையும் கேளுங்கள், கடைசியில் பெயர் ஓடுகிறதா பாருங்கள், அதில் பாடியவரிடம் நேரில் பேசுங்கள். உண்மையில் எடுத்தவர் கோபப்பட மாட்டார், அந்தக் கதையைச் சொல்லத்தான் ஏங்கிக்கொண்டிருப்பார். படத்தையும் இடம் வலம் மாற்றி ஒருமுறை தேடுங்கள். ஷூட்டிங் முடிந்த அன்று சாயங்காலமே உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி ஏறிய பிறகுதான் அடுத்த தவணை, இதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு ஒன்று: உங்களுக்குப் பிடித்த டைரக்டர்களின் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். நான் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டாளிதான் ஞாபகப்படுத்தினான், முதல்முறை போனில் பேசும்போதே 'டிராப்' பற்றி இருபது நிமிடம் நான்தான் பேசினேனாம்.

கேமராமேன் தம்பி மட்டும் அப்புறம் கூப்பிட்டார். அவருக்கும் சம்பளம் வரவில்லையாம். அன்று தன் போனில் சும்மா எடுத்த நான்கு நொடியை அனுப்பினார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அலை மணலிலிருந்து கடலுக்குள் சுருண்டு போகிறது, கூட்டாளி காலடித் தடங்களை அழித்துக்கொண்டே முன்னால் வருகிறான், 'கடல் கேக்குது' என்று தெளிவாகக் கேட்கிறது.

விசாரணை அடுத்த மாதம். வடபழனியில் இதே மாதிரி ரிவர்ஸ் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குத் தகவல் கொடுங்கள்.