எங்கள் ஊர்த் தளத்தில் ஆடும் பேனர்கள்: 2007 முதல் இன்றுவரை

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில் திருவிழாத் தேதி, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), துக்கச் செய்தி, பொதுக்கூட்ட வரவுசெலவு, இவ்வளவுதான் அதில். 2007-லிருந்து அதைப் பார்த்துக்கொள்வது நான். சம்பளம் கிடையாது, சர்வர் வாடகையை விளம்பரம் கட்டிவிடும். விளம்பரம் என்றால் மேலே ஓடும் பட்டைதான்: ஆத்தங்குடிக் கல் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, பலகாரம் செய்து தரும் ஆச்சி, கல்யாண மண்டபம், பழைய மரச்சாமான் வியாபாரி. எல்லோருக்கும் பேனர் ஆட வேண்டும், மின்ன வேண்டும். "சும்மா நிக்கிற படத்துக்கு நான் எதுக்குக் காசு தரணும்?" என்று மண்டபக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அப்போது வந்தவற்றில் பாதி ஃபிளாஷ் (அடோபி நிறுவனத்தின் அசைபட வடிவம், ஓட்ட பிரவுசரில் தனிப் பிளேயர் வேண்டும்), பாதி ஜிஃப் (சில படங்களை அடுத்தடுத்துக் காட்டும் படக் கோப்பு). அளவு 468க்கு 60 பிக்சல். பேனருக்கு அப்போது வழக்கமாக இருந்த அளவு, அதைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டிருந்தோம். டயல் அப் இணைப்பில் 40 கேபி படம் இறங்கவே எட்டுப் பத்து நொடி ஆகும். ஒரு பூ விரிந்து எழுத்து வழுக்கி வருகிற ஃபிளாஷ் கோப்பு 15 கேபிக்குள் அடங்கிவிடும், அதையே ஜிஃப்பில் செய்தால் பல மடங்கு. அதனால் ஃபிளாஷ் எனக்குச் செல்லப்பிள்ளை. அது மட்டுமில்லை, தமிழும் ஒரு காரணம். அன்றைக்குப் பல கணினிகளில் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எக்ஸ்பியில் அமைப்புக்குள் போய் அதற்கான பெட்டியில் டிக் அடித்தால்தான் எழுத்து எழுத்தாக வரும். ஃபிளாஷில் அந்தத் தொல்லை இல்லை. டிடிபி கடைப் பையன் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிப்பான், கண்ட்ரோல் பி-யை இரண்டு தடவை தட்டுவான், எழுத்தெல்லாம் உடைந்து வெறும் வடிவமாகிவிடும். பிறகு எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பதினைந்து வருஷம் கழித்து எந்தப் பேனர் பிழைத்தது, எது செத்தது என்பதை அந்த இரண்டு தட்டல்தான் முடிவு செய்தது. உடைத்து வைத்தவை இன்றும் அப்படியே தெரிகின்றன. சோம்பல்பட்டு எழுத்துருவை நம்பி விட்டவை இப்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொத்துப் பரோட்டா.

முதல் தலைவலி சொடுக்குவது. படத்தைச் சுற்றி இணைப்புப் போட்டால் ஜிஃப் கேட்கும், ஃபிளாஷ் கேட்காது. சொடுக்கை அதுவே விழுங்கிவிடும். கோப்புக்குள்ளேயே கிளிக்டேக் என்கிற மாறியை வைத்து ஒரு பொத்தான் செய்திருக்க வேண்டும், உள்ளூரில் அதை யாரும் சரியாகச் செய்து தரவில்லை. ஒருவர் செய்து தந்ததில், சேலைக்கடையைச் சொடுக்கினால் அவர் முன்பு வேலை செய்து கொடுத்த வேறொரு கடைக்குப் போனது. முகவரியை உள்ளேயே எழுதிப் பூட்டிவிட்டார் மனுஷன். கடைசியில் டபிள்யூமோடை (பக்கத்தின் மற்ற பகுதிகளோடு ஃபிளாஷ் எப்படி அடுக்கப்படும் என்று சொல்லும் அமைப்பு) ஒபேக் என்று மாற்றி, பேனருக்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி வெற்று அடுக்கை விரித்து அதில் இணைப்பைக் கொடுத்துச் சமாளித்தேன். மெனு பேனருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் வியாதியும் அதோடு தீர்ந்தது.

2010 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து அய்த்தான் போன் செய்தார். "மேல நீலமா ஒரு கட்டை தெரியுதப்பா, அதுல என்ன விளம்பரம்?" ஐபோனில் ஃபிளாஷ் கிடையாது, பதிலுக்கு அந்தக் கட்டைதான் வரும். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில், அவர்கள் கையில் போன். அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். 2015 செப்டம்பரில் குரோம் பிரவுசர், பக்கத்தின் முக்கிய விஷயமல்லாத விளம்பரம் மாதிரி ஃபிளாஷையெல்லாம் தானாக நிறுத்தத் தொடங்கியபோதும் நான் அசையவில்லை. 2017 ஜூலையில் அடோபியே, 2020 கடைசியோடு முடிந்தது என்று அறிவித்தது. மூன்றரை வருஷம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்தது, பிரவுசர்களும் அதைக் கழற்றி எறிந்தன. தளத்தின் தலையில் பதினோரு வெள்ளைக் கட்டம். பணம் கட்டிய இடம் வெறுமையாக இருந்தால் யார் சும்மா இருப்பார்கள்?

மூலக் கோப்பு, அதாவது எஃப்எல்ஏ இருந்தால் அடோபி அனிமேட்டில் திறந்து எச்டிஎம்எல்5 கேன்வாஸாக, அதாவது தனிப் பிளேயர் இல்லாமல் பிரவுசரே ஓட்டும் வடிவமாக மாற்றலாம். டிடிபி கடையை மூடி வருஷக்கணக்கு ஆகியிருந்தது, பையனின் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடைத்தது மூன்று. மாற்றினால் அசைவு வருகிறது, ஃபிளாஷுக்குள் எழுதிய பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் நிரல் வரிகள் மட்டும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுத வேண்டும். மற்ற எட்டுக்கும் ரஃபிள். ரஸ்ட் என்கிற நிரல் மொழியில் எழுதிய ஃபிளாஷ் எமுலேட்டர் அது, பழைய பிளேயர் செய்ததைத் தானே செய்து காட்டும், பிரவுசருக்குள்ளேயே ஓடும், இலவசம். ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தேன், செத்துப்போன பேனர்கள் எழுந்து ஆடின. மகிழ்ச்சிதான், ஆனால் 20 கேபி பேனரை ஆட்ட, போனுக்குச் சில எம்பி இறங்குகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இரண்டு மாதத்தில் முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது பழைய வருஷத்துப் பக்கங்களில் மட்டும் ரஃபிள் இருக்கிறது, தட்டினால்தான் ஓடும். அந்த வேலைக்கு அதைப்போல இன்னொன்று இல்லை.

முகப்புக்கு என்ன செய்தேன்? கடைசியில் ஜிஃப்புக்கே திரும்பினேன். ரஃபிளில் ஓடவிட்டுத் திரையைப் பதிவு செய்து, எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்தப் படத்துக்கென்றே தனி வண்ணத் தட்டு எடுத்து ஜிஃப்பாக்கினேன். இங்கே ஒரு வேடிக்கை. ஜிஃப் ஒரு காட்சிக்கு 256 நிறம்தான் தாங்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அது தாராளம்; பச்சை, காவி, மஞ்சள் என்று பட்டையாக நாலைந்து நிறம், கண்ணாடி மேல் ஊற்றியெடுத்த கல் மாதிரியே வழவழவென்று வந்தது. சேலைக்கடைப் பேனர் புகைப்படம். மடிப்பின் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது, கண்டாங்கிக் கட்டமோ போனில் சுருங்கும்போது கண்ணைப் பறிக்கிற மாதிரி அலைபாய்ந்தது. அதை மட்டும் சத்தமில்லாத எம்பி4 ஆக்கினேன், தானாக ஓடும். ஐபோனில் பேட்டரி சேமிப்பைப் போட்டிருந்தால் ஓடாது, அதற்காக ஒரு நிலைப்படத்தையும் மாட்டினேன்.

அப்புறம் மரச்சாமான்காரர் பேனர் தன் மகன் கணினியில் மட்டும் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தார். இரண்டு நாள் தேடினேன். படத்தில் குற்றமில்லை, கோப்பின் பெயரிலேயே 468க்கு 60 என்று இருந்தது, விளம்பரத் தடுப்பான் அதைப் பார்த்தே மறைத்துவிட்டது. பெயரை மாற்றினேன், வந்துவிட்டது. இன்னொன்று, மூன்று சுற்றுக்கு மேல் எதையும் ஆட விடுவதில்லை, கடைசிக் காட்சியில் கடைப் பெயரும் நம்பரும் நிற்கும்படி வைத்துவிடுகிறேன். துக்கச் செய்திக்கு மேலே ஓயாமல் மின்னிக்கொண்டிருந்த மண்டபப் பேனர் பற்றி வந்த வசவுகளுக்குப் பிறகு வந்த புத்தி.

பலகார ஆச்சியின் பேனர் மட்டும் எதிலும் மாட்டவில்லை. 2007-ல் போட்ட ஜிஃப், ஐந்தே காட்சி: தட்டு, மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், போன் நம்பர். ஒரு வருஷம்கூட நின்றதில்லை. போன வாரம் ஆச்சி கூப்பிட்டார். "தம்பி, வீட்டு போனை வெட்டி ஆறு வருசமாச்சு, உன் படத்துல இன்னும் அந்த நம்பர்தான் ஓடுதாம்ல?" திறந்து பார்த்தேன், 04565 என்று ஆரம்பித்து அப்படியேதான் இருக்கிறது. ஐந்தாவது காட்சியை மட்டும் மாற்றி ஏற்றினேன், பத்து நிமிஷ வேலை.