நகத்தை முழுதாகக் கழற்றுவதா, ஓரத்தை மட்டும் வெட்டுவதா?

இடது கால் பெருவிரல். மோட்டார் சைக்கிளில் கியரைத் தூக்கும் அதே விரல். நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிவிட, கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்துசேருமுன் எத்தனை தரம் கியர் மாற்றவேண்டும் என்பது எனக்குப் பாடமாகிவிட்டது.

அந்த ஒரே விரலில் இரண்டு விதமான சத்திரசிகிச்சையும் செய்துகொண்டேன். முதலாவது, நகத்தை முழுதாகக் கழற்றுவது. மற்றது, உள்ளே இறங்கிய ஓரத்தை மட்டும் நெடுக வெட்டியெடுத்து, அது முளைக்கும் வேரைச் சுட்டுவிடப் பீனோல் என்ற இரசாயனத்தை வைப்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது, நகத்தின் கீழ் பஞ்சு செருகுவது எல்லாம் ஆரம்பத்தில் பலன் தரும். எனக்குச் சிதல் வடிந்து, ஓரத்தில் சிவப்பாகச் சதை தள்ளிவிட்டது. வலியிலும் செலவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. விரலின் அடியில் இரு பக்கமும் போடும் விறைப்பூசிதான் முழு வேதனையும். அரசாங்க வைத்தியசாலையில் காசில்லை, அன்றே வீட்டுக்கு வரலாம்.

வித்தியாசம் நகம் திரும்ப வளரும்போதுதான் தெரியும். முழுதாகக் கழற்றிய புண் இரண்டு கிழமையில் காய்ந்தது. சப்பாத்தும் போட்டேன். ஆனால் போனது நகம் மட்டும். வேர் தோலுக்கடியில் அப்படியே இருந்தது. தோட்டம் செய்பவர்களுக்கு இது விளங்கும்: கோரையை மேலால் அறுத்தால் நாலு நாளில் திரும்ப நிற்கும், கிழங்கைக் கிண்டவேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதாக வர 12 முதல் 18 மாதம். அவ்வளவு காலமும் மேலே நகம் இல்லாததால் விரல் நுனிச் சதை எழும்பிவிடுகிறது. புதிதாக வரும் நகம் அந்தத் திட்டில் முட்டி மறுபடி உள்ளே இறங்கும். எனக்குப் பதினாலாம் மாதம், பழைய இடத்தில் பழைய வலி.

இரண்டாம் முறை டொக்டர் கையுறையின் ஒரு விரலை வெட்டி என் விரலில் மாட்டி, அடிவரை சுருட்டிவிட்டார். இரத்தம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பீனோல் நீர்த்துப்போகும். பிறகு ஓரத்தில் மூன்று நாலு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டியை வேர்வரை வெட்டி இழுத்தார். எட்டிப் பார்த்தேன். பட்டியின் ஒரு முனையில் முள்ளுப்போல ஒரு கூர். இவ்வளவு நாளும் குத்திக்கொண்டிருந்தவர் இவர்தான்! அப்புறம் பஞ்சு சுற்றிய குச்சியால் பீனோல், சில நிமிடம். பழைய கார்போலிக் சவர்க்கார மணம். கார்போலிக் அமிலம் என்பதும் இதே சாமான்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பீனோல் வைப்பது இரசாயனத்தால் சுடுவதுதான், அதனால் நாலு கிழமைக்கு மேல் தண்ணீராகக் கசிந்தது. நாளுக்கொரு முறை மருந்து கட்டு. கிணற்றடியில் காலில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குளிப்பு. கசிவைக் கண்டு பயந்து ஓடியபோது மருந்து கட்டும் மிஸ் சிரித்தார்: "பீனோல் புண் இப்பிடித்தான் வடியும் தம்பி. மணம் வந்தால், சிவப்பு ஏறினால் மட்டும் வாங்கோ." அவசரமாகக் கால் காயவேண்டும் என்பவருக்கு முழு நகம் கழற்றுவதே சுகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வேரைக் கத்தியாலேயே வெட்டித் தைக்கும் முறையும் உண்டு. அனுபவமில்லை, ஆகவே தீர்ப்பும் இல்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் என் கதையை அளவுகோலாக எடுக்கவேண்டாம். அவர்களுக்குக் காலின் இரத்தவோட்டத்தைப் பார்த்தபிறகே விரலில் கைவைக்கவேண்டும்.

மூன்று வருடமாகிறது, நகம் திரும்ப இறங்கவில்லை. கொஞ்சம் ஒடுங்கி, வேறு யாருடையதோ போல இருக்கிறது, அவ்வளவுதான். கியர் தூக்க நல்லது.

செய்வதென்றால் வைகாசியில் செய்துவிடுங்கள். நான் ஆனிக் கடைசியில் செய்துவிட்டு, நல்லூர்க் கந்தன் கோவில் கொடியேற்றத்தன்று மணலில் வெறுங்காலை வைக்கமுடியாமல், செருப்பு கழற்றும் இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். திருவிழா 25 நாள் என்பதால் தப்பினேன். தேர்த் திருவிழா வருமுன் புண் காய்ந்துவிட்டது.