ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ்: முதல் ரெக்கார்டு பிளேயராக வாங்கலாமா?

வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருந்து, இசைத்தட்டு கேட்கும் ஆசை புதிதாக வந்தவர்களுக்கு ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் நல்ல தொடக்கம் என்பேன். பொருத்துவதில் சற்று நிதானம் வேண்டிய இடம் ஒன்றுதான்: சுழலும் தட்டின் துளை வழியாக, சிவப்பு நாடாவைப் பிடித்து, தட்டைச் சுழற்றும் பெல்ட்டை இழுத்து, முறுக்கு விழாமல் மோட்டாரின் கப்பியில் மாட்ட வேண்டும்.

இணைப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அத்துடன், இசைத்தட்டில் பதிக்கும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிப்பதால், அதைச் சமன்செய்து பெருக்க ஃபோனோ ப்ரீஆம்ப் அவசியம். இந்தக் கருவிக்குள்ளேயே அது இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் 'ஆக்ஸ்' என்ற சாதாரண இணைப்பு மட்டும் இருந்தால் பின்புறச் சுவிட்சை 'லைன்' பக்கமும், 'ஃபோனோ' இணைப்பு இருந்தால் 'ஃபோனோ' பக்கமும் தள்ள வேண்டும். இரண்டிடத்திலும் பெருக்கினால் ஒலி கரகரத்துச் சிதையும். எங்குமே பெருக்காவிட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானே எழுந்து இசைத்தட்டில் இறங்குவதும், பாட்டு முடிந்ததும் திரும்புவதும் புதியவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதற்கு விலையும் உண்டு: ஊசியின் அழுத்தத்தை நாம் மாற்ற முடியாது, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையும் மாற்ற முடியாது, ஊசியை மட்டுமே மாற்றலாம். வேகம் நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்றுகள் மட்டும் என்பதால், தாத்தா சேர்த்துவைத்த, 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய தட்டுகளுக்கு இது உதவாது. ஸ்பீக்கர்களை மட்டும் இதே மேசையில் வைக்காதீர்கள். அவற்றின் அதிர்வு ஊசிக்கு ஏறி, ஒலியைக் கூட்டும்போது உறுமத் தொடங்கிவிடும்.