கம்யூனிட்டியா, மெட்-சர்ஜா? ஆசிரியராக நினைக்கும் ராமநாதபுரம் கடற்கரை நர்ஸுகளுக்கு

பல வருடம் வார்டில் நின்ற சிஸ்டர் ஒருவர் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தி மேலே வர நினைத்தால் எம்.எஸ்சி நர்சிங் படித்தாக வேண்டும். பி.எஸ்சி அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங்கில் 55 சதவீதம், நர்சிங் கவுன்சில் பதிவு, ஓராண்டு பணி அனுபவம் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. ஒரு வருட ஸ்பெஷாலிட்டி டிப்ளமோ வார்டு வேலையைக் கூர்மையாக்கும், ஆனால் எம்.எஸ்சிக்கு ஈடாகாது. தபால் வழி எம்.ஏ. கல்வியியலும் அப்படித்தான்.

திணறல் வருவது பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது. மெட்-சர்ஜ் (மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்), கம்யூனிட்டி (சமுதாய நல நர்சிங்), குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் என ஐந்து உண்டு. லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங் (சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது), கேள்வித்தாள் அமைப்பு எல்லாம் முதலாண்டின் நர்சிங் எஜுகேஷன் தாளில் வருபவை. அந்தத் தாள் ஐந்து பிரிவுக்கும் ஒன்றே. ஆகவே எந்தப் பிரிவு எடுத்தாலும் ஆசிரியப் பயிற்சி குறையாது. மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை பக்கம் வேலை பார்த்தவருக்கு எங்கள் சிபாரிசு கம்யூனிட்டிதான்.

மெட்-சர்ஜுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. பி.எஸ்சி, ஜி.என்.எம். டிப்ளமோ இரண்டிலுமே பாட நேரம் அதிகம் அதற்குத்தான், தனியார் கல்லூரிகள் கேட்பதும் அதைத்தான். ஐ.சி.யூ.வில் ஊறியவர் அதை விட்டு வரவேண்டியதில்லை. மனநலத்தையும் லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய மாவட்டம் இது. அதைப் பாடமாக நடத்த இந்த மண்ணிலிருந்தே ஆசிரியர்கள் வரவேண்டும்.

எங்களைக் கம்யூனிட்டி பக்கம் சாய்ப்பது தீசிஸ், அதாவது படிப்பில் எழுத வேண்டிய ஆய்வேடு. இரண்டு வருடப் படிப்பு இழுத்துக்கொண்டே போவது பெரும்பாலும் அங்கேதான். தலைப்பு, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, டூல் வேலிடேஷன் (கேள்விப் படிவத்தை நிபுணர்களிடம் காட்டிச் சரிபார்ப்பது), பைலட் (சிறு முன்னோட்ட ஆய்வு), மெயின் ஸ்டடி என வரிசையாக முடிக்க வேண்டும். 60 பேர் சாம்பிள் என்றால் ஆறு பேரிடம் பைலட். ஐ.சி.யூ. நோயாளியைச் சாம்பிளாக எடுத்தால் ப்ரீ டெஸ்ட் (கற்பிக்கும் முன் எடுக்கும் அளவு) முடித்த ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட்டுக்கு (கற்பித்த பின் எடுக்கும் அளவு) போகும்போது ஒருவர் வீட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவரை மதுரைக்கு ரெஃபர் செய்திருப்பார்கள். அறுபதைச் சேர்க்க எண்பது பேரிடம் தொடங்க வேண்டிவரும். கிராமத்தில் ஆள் எங்கும் போவதில்லை, கடலுக்குப் போவதைத் தவிர.

அந்தக் கடல் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீனவர்களின் ரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம் பற்றிய ஆய்வுக்கு ஆள் வீட்டில் கிடைக்கும் காலம் இது. ஆனால் ப்ரீ டெஸ்ட்டை ஜூன் இரண்டாம் வாரம் வைத்தால் போஸ்ட் டெஸ்ட்டின்போது ஆள் படகில் இருப்பார். ஏப்ரல் கடைசி வாரம் ஆரம்பித்து மே கடைசிக்குள் இரண்டையும் முடிப்பது நல்லது. இன்னொரு சிக்கலும் உண்டு. வருமானம் நின்ற தடைக்காலத்தில் சாப்பாடு, தூக்கம், குடி எல்லாமே மாறிவிடும். அப்போது எடுத்த அளவை ஆண்டு முழுவதற்கும் பொதுவாகச் சொன்னால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். தீசிஸின் வரம்புகள் பகுதியில் அதை நீங்களே எழுதிவிடுங்கள்.

பெண்களிடம் ஆய்வு என்றால் கடல்பாசி எடுப்பவர்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பறிப்பார்கள். கரையேறியதும் துணியை அவிழ்க்கச் சொன்னால் வெளுத்து ஊறிய தோலில் கீறல்கள் தெரியும். காயப் பராமரிப்பு பற்றி ஒரு கற்பித்தல் திட்டம் போட இதைவிட நல்ல களம் கிடைக்காது. பி.பி. பார்ப்பதானால் கரையேறிய உடனே பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஈரச் சட்டைக் கையை மேலேற்றி, இரண்டு முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

ஒரு வீட்டுக்கு 40 நிமிடம், நாளுக்கு நான்கு வீடு என்றால் அறுபது பேருக்கு ஒரு சுற்றே 15 நாள். தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை நேரத்தையும் கீழக்கரையில் வெள்ளி மதியத் தொழுகை நேரத்தையும் விட்டுவிடுங்கள். கேள்விப் படிவத்தைத் தமிழாக்கியபின் வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபாருங்கள். 'ஹைப்பர்டென்ஷன்' என்பதை 'உயர் ரத்த அழுத்தம்' என்று எழுதினால் பாதிப் பேர் விழிப்பார்கள், 'பிரஷர்' என்று கேட்டால் பதில் வரும்.

கம்யூனிட்டியில் குறையும் உண்டு. வெயிலில் அலைச்சல், பஸ் செலவு, சம்பளமில்லா விடுப்பில் இருப்பவருக்கு அது கனக்கும். ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் மெட்-சர்ஜே எடுங்கள்.

கம்யூனிட்டி என்று முடிவானால் அனுமதிக் கடிதத்தைத் தலைப்பு உறுதியான வாரமே கொடுத்துவிடுங்கள். இந்த மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு சுகாதார மாவட்டங்கள் உண்டு. உங்கள் கிராமம் எதில் வருகிறது என்று அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, அந்த அலுவலகத்துக்கே எழுதுங்கள். வீட்டு எண்களும் குடும்பப் பட்டியலும் அவர் கையில்தான் இருக்கும். சாம்பிள் எடுக்கவும் அதுவே ஆதாரம்.