வண்டி திருடு போனால்: அடியா, புகாரா, சமரசமா?

காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே காலையில் நிறுத்திய பைக்கை மாலையில் காணோம். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்: ஆளைப் பிடித்து நாலு சாத்து சாத்து, ஸ்டேஷனுக்குப் போ, போனது போகட்டும், விடு.

அடிப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். கண்ணெதிரே திருடுகிறவனைப் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும், தண்டிக்கும் உரிமை நமக்கு இல்லை. சிசிடிவியில் பார்த்த சாயலை நம்பி ஒருவனை மடக்குவது அதைவிட ஆபத்து. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குழந்தை கடத்த வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பி, கோயிலுக்கு வந்த குடும்பத்தை ஒரு கும்பல் அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். சந்தேகம் தப்பாகிப் போனால் அடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

விட்டுவிடுவது செருப்புக்குச் சரி, வண்டிக்குச் சரிவராது. உங்கள் பைக்கில் யாராவது செயின் பறித்தால் நம்பரை வைத்து முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஆக, புகார்தான். அதிலும் கவனம் வேண்டும். பல நேரம் சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்ஐஆர், அப்புறம் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்ற சான்றிதழ். "இது ரயில்வே போலீஸ் எல்லை, அங்கே போங்க" என்று அலையவிட்டால் அசைய வேண்டாம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். தாமதம் ஆகாது: காட்பாடியை அடுத்த கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா, வண்டி மாநிலம் கடந்துவிடும்.

போலீசால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையம் நகைக்கடையில் சுவரைத் துளைத்துத் திருடிய சுமார் 15 கிலோ நகையை, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்த இடத்திலிருந்து சில நாளில் மீட்டார்கள். ஒரு பைக்குக்குத் தனிப்படை வராது என்பதும் உண்மைதான். அதனால்தான் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பதிவில் ஏற வேண்டும். எங்கோ வாகனச் சோதனையில் சிக்கும்போது உங்களுடையது என்று காட்ட அதுதான் வழி. கிடைத்த பிறகு கோர்ட்டில் மனுப்போட்டு வாங்க வேண்டியிருக்கும்.

எடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சமரசத்தை முதலில் வைப்பேன். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அன்று மாலையே அவன் அப்பா அம்மாவிடம் பேசலாம். இரவுக்குள் வண்டி வரவில்லையா, ஸ்டேஷன்தான். புகார் கொடுத்தால் பையன் வாழ்க்கையே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சாதாரணத் திருட்டு வழக்கில் பொருளின் உரிமையாளர் பின்னால் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது.

போகும்போது ஆர்சி நகல், இன்சூரன்ஸ் நகல், இருக்கிற சாவி எல்லாம் கையோடு இருக்கட்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.